றொட்னி லீவு

காலை ஒன்பதேகாலுக்கு மன்னார் பஸ் ஸ்ராண்டடி இரும்புக்கடை மாடியில் இருந்து நாலு பேர் கொழும்புக்கு வணக்கம் சொல்லுவார்கள். முதலில் ஒரு கனத்த குரல்: "குட் மோர்னிங், றொட்னி." அடுத்தது மூச்சு விடாத அவசரக் குரல்: "மோர்னிங்மிஸ் துஷாந்தன்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு றிஸ்மினா. கடைசியாக ஓர் இழுவையும் சின்னச் சிரிப்புமாக, "அது வந்து மிஸ்... அபிசா." கீழே கடையில் ஆணி நிறுக்கிறவருக்குக்கூட இந்த நாலு குரலும் பாடம். ஆனால் படியேறிப் பார்த்தால், சில நாட்களில் மூன்று கதிரையில்தான் ஆள் இருக்கும். சில நாட்களில் அந்த மூன்றில் ஒருவர் மேசையில் தலை வைத்து நித்திரையாக இருப்பார். குரலில் மட்டும் ஒருநாளும் ஆள் குறைந்ததில்லை.

குறைந்த இடத்தையெல்லாம் நிரப்பினவன் அந்த முதல் குரல்காரன்தான். றொட்னி, வயது முப்பத்துமூன்று, அந்தச் சின்ன சொஃப்ட்வெயார்க் கந்தோரின் ரீம் லீடர்.

ஆள் பேசாலை. தகப்பன் எட்வேட் கடற்தொழில். றொட்னி சொந்தமாகப் பேசப் பழக முதலே அடுத்த வீட்டுக்காரர் பேசுகிற மாதிரிப் பேசப் பழகிவிட்டான். வாசலில் நின்று, படகு முதலாளியான சம்மாட்டியின் குரலில் "எட்வேட், என்ன இன்னும் தீனே?" என்று அதட்டுவான். தகப்பன் இரண்டு தரம் சோற்றுக் கையோடு எழும்பி ஓடியிருக்கிறார். மூன்றாம் தரம் உண்மையாகவே சம்மாட்டி வந்து கூப்பிட்டார். எட்வேட் உள்ளே இருந்தபடியே, "போடா நாயே, உன்ர பல்லைக் கழட்டுவன்" என்றார். அந்தக் கிழமை அவருக்குப் படகில் இடம் கிடைக்கவில்லை.

தவக்காலத்தில் அந்த ஊரில் இயேசுவின் பாடுகளை நாடகமாக, பாஸ்கு என்று போடும்போது மேடையில் நிற்கிறவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். திரைக்குப் பின்னால் மைக்கைச் சுற்றி இருக்கிறவர்கள் குரல் கொடுப்பார்கள். பதினாறு வயதில் றொட்னிக்குப் பிலாத்து. அடுத்த வருஷம் பிலாத்து, யூதாஸ், அதோடு கூவுகிற சேவலும். மேடையில் பிலாத்தாக நின்றவர் மீன் லொறி ஓட்டுகிற மனுசன், அவருக்கு இரண்டு வசனம் சேர்ந்தாற்போல் வராது. பாஸ்கு முடிந்ததும் சனமெல்லாம் அவருடைய கையைப் பிடித்து, "என்ன மாதிரிக் கதைச்சியள்! எங்களுக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு" என்றது. அவரும் கொஞ்சமும் வெட்கப்படாமல், "ஓம், கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் செய்தனான்" என்றார். றொட்னிக்கு அதில் மனவருத்தமே இல்லை. ஒருவர் வாயசைக்க, இன்னொருவர் குரல் கொடுக்க, பேர் முன்னால் நிற்கிறவருக்குப் போகட்டும், காரியம் நடந்தால் போதும். அவனுக்குள் அது அப்படித்தான் பதிந்தது. பிற்காலத்தில் அவன் விட்ட பிழைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் படித்து முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு கொம்பனியில் ஆறு வருஷம் கோட் எழுதினான். ஆறாவது வருஷம் ஒருநாள், வெள்ளவத்தையில் பஸ் ஏறினவன் பாணந்துறையில், கடைசித் தரிப்பில் உட்கார்ந்திருந்தான். கொண்டக்டர் வந்து, "கொஹென்த பஹின்னே?" என்றான். எங்கே இறங்க வேண்டும் என்றுதான் கேட்டான், கடினமான கேள்வி இல்லை. றொட்னிக்குப் பதில் வரவில்லை. தன் அறை இருக்கிற ஒழுங்கையின் பேர் வரவில்லை, வீட்டுக்காரியின் பேர் வரவில்லை. கொண்டக்டர் தன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தான். மறுநாள் மனேஜரிடம் இதைச் சொன்னபோது அவர், "ஓ றொட்னி, யூ மஸ்ட் டேக் கெயார்" என்று மூக்கால் சொல்லிவிட்டு, மூச்சுப்பயிற்சி வீடியோ ஒன்றை அனுப்பினார். வீடியோ நாற்பது நிமிஷம் ஓடியது. அதைப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

அந்த மனேஜருக்குப் பிறகு வந்தவர் இர்ஷானா. அவருடைய குடும்பம் எருக்கலம்பிட்டி. நாலு வயதில், முஸ்லிம் சனமெல்லாம் மன்னாரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது, தாயின் இடுப்பில் இருந்து போனவர். வளர்ந்தது புத்தளத்தில். "எங்கட ஊருப் புள்ளைகளும் கோட் எழுதுவாங்க" என்று மேலிடத்தோடு சண்டை பிடித்து மன்னாரில் நாலு கதிரை போட்டவர் அவர்தான். றொட்னியைக் கூப்பிட்டு, "நீங்க பார்த்துக்கங்க" என்றார்.

றொட்னி நன்றாகத்தான் பார்த்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆறு மணிக்கு நாலு லப்டொப்பையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று துஷாந்தன் பின்னால் ஓடி வந்தால், "அந்த அஞ்சு நிமிஷம் நாளைக்கும் கிடக்கும், அடம்பன் பஸ் கிடக்காது, ஓடு" என்பான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் படிப்பு. ஒவ்வொருவரும் விரும்பினதைப் படிக்கலாம், கொம்பனி வேலையைத் தொட்டால் மற்றவர்களுக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும். இன்னொரு சட்டம், வெக்கக் கேள்வி. நாளுக்கு ஒரு கேள்வியாவது, கேட்க வெட்கமான கேள்வியாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.

அபிசா வேலைக்கு வந்த முதல் கிழமை வாயே திறக்கவில்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஒரு வயற் கிராமத்துப் பிள்ளை, அந்த ஊரில் இருந்து இந்த வேலைக்கு வந்த முதல் ஆள். ஐந்தாம் நாள்தான், "அது வந்து அண்ணா... இந்த கிளவுட் கிளவுட் எண்டுறியள், அது உண்மையா எங்க கிடக்கு?" என்று கேட்டுவிட்டு, கேள்விக்கு வால் போல ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள்.

துஷாந்தன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீ சொல்லன் பாப்பம், எங்க கிடக்கு?" என்றான் றொட்னி.

துஷாந்தனின் சிரிப்பு நின்றது. "எனக்குத் தெரியும் அண்ணா. ஆனா இண்டைக்கு நான் என்ர கேள்வியக் கேட்டு முடிச்சிட்டன்."

ஒரு வருஷத்தில் அபிசா, டென்மார்க்கில் பல் வைத்தியர்களிடம் நேரம் பதிகிற பக்கம் முழுவதையும் தனியே எழுதினாள். ஆரோ முகம் தெரியாத டென்மார்க்காரன் பல்வலியோடு அவள் செய்த பொத்தானை அமத்துகிறான் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணா, இண்டைக்கு நூற்றிப்பத்துப் பேருக்குப் பல்லுக் கொதி" என்று காலையில் கொண்டாடிக்கொண்டு வருவாள்.

பிறகு அந்தப் பல் வைத்தியக் கொம்பனி கைமாறியது. புது முதலாளிக்கு எல்லாம் அரைவாசி நாளில் வேண்டும். அலுமாரித் திறப்பின் கதை கொழும்புக்குப் போய், லப்டொப்புகள் இனி வீட்டுக்குப் போகவேண்டும் என்று கட்டளை வந்தது. அதே கடிதத்தில் பிள்ளைகளின் மனநலத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. தினமும் காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் மனநிலைக்கு ஒன்றில் இருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்ல வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து ஆறுக்குக் கீழே போனால் ஆதரவுத் திட்டம். கொழும்பில் இரண்டு பேருக்கு ஆதரவுத் திட்டம் கிடைத்தது. இரண்டு மாதத்தில் அந்த இரண்டு பேரையும் காணவில்லை. அதன் பிறகு கொம்பனியில் எல்லோரும் ஏழுக்கு மேல் சந்தோஷமாக இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

மார்ச்சில் ஒருநாள், இடைவிடாமல் வேலை செய்த பதினோராம் நாள், கூட்டம் தொடங்கிய நேரம் அபிசா மேசையில் தலை வைத்து நித்திரையாகிவிட்டாள். மன்னாரில் லைன் அடிக்கடி விழுகிறதால் அவர்களுக்குக் கமெரா போடத் தேவையில்லை, குரல் மட்டும்தான்.

"அபிசா?" என்றது கொழும்பு. "அபிசா, இரிக்கிறீங்களா?"

துஷாந்தன் அவளைத் தட்டக் கை நீட்டினான். றொட்னி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான். மைக்கைக் கிட்ட இழுத்து, நாடியைக் கழுத்தோடு உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அது வந்து மிஸ்... புக்கிங் பேஜ் முடிஞ்சுது. இண்டைக்குப் பிழை பாக்கிறன்."

"குட். நம்பர்?"

"எட்டு மிஸ்." வாலில் அந்தச் சின்னச் சிரிப்பு.

றிஸ்மினா முக்காட்டு நுனியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். பதினொரு மணிக்கு அபிசா பதறி எழும்பி, "ஐயோ அண்ணா, மீற்றிங்!" என்றாள்.

"முடிஞ்சுது பிள்ளை. நீ நல்லாக் கதைச்சனி."

அப்படித்தான் றொட்னி லீவு பிறந்தது. கிழமைக்கு ஒரு காலை ஒவ்வொருவருக்கும் முறை. முறைக்காரர் பிந்தி வரலாம், படுக்கலாம், கடற்கரைக்குப் போய்ச் சும்மா நிற்கலாம். அவருக்கு றொட்னி கதைப்பான். கொம்பனியில் எழுதிக் கொடுத்து வாங்க முடியாத ஓய்வை அவன் தொண்டையால் வாங்கிக் கொடுத்தான்.

"அண்ணா, என்ர குரலை இன்னும் கொஞ்சம் ஆம்பிளைத்தனமாச் செய்யுங்கோ" என்றான் துஷாந்தன். "கொழும்பில ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்குது."

"உன்ர உள்ள குரலைச் செய்தாத்தானடா அவள் தப்புவாள்."

உண்மையாகவே கொஞ்சக் காலம் நன்றாக இருந்தது. ஏப்ரலில் அபிசாவின் முகத்தில் இரத்தம் ஓடியது. நூற்றிப்பத்துப் பேரின் பல்வலியைப் பற்றித் திரும்பக் கதைத்தாள். றொட்னி தன் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தான். அந்த நினைப்பிலேயே ஒருநாள் அபிசாவின் குரலில் ஒரு வசனத்தைக் கூடுதலாகச் சொல்லிவிட்டான்: "அது வந்து மிஸ், புதுசா ஏதாவது தந்தாலும் செய்வன்." அவள் வளரட்டும் என்றுதான் சொன்னான். முன்னொருநாள் செவ்வாய்ப் படிப்பில் அவளே ஆசைப்பட்டதுதான் அது.

மே மாதம் சோளகக் காற்றுத் தொடங்கினபோது வேலை இரண்டு மடங்காகிவிட்டது. றொட்னி லீவு கிழமைக்கு ஒருநாள் போதவில்லை. அபிசாவுக்கு மட்டும் மூன்று நாளாகி, நாலு நாளாகியது. றொட்னி கொழும்புக்கு எழுதினான், இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று. இர்ஷானா அழைத்தார்.

"றொட்னி, ரெண்டு பேரக் கேட்டிரிக்கீங்க."

"ஓம் மிஸ். ஆக்கள் காணாது. பிள்ளையள் ஏலாமக் கிடக்குதுகள்."

"ஏலாமயா? ஒங்கட நம்பர் எட்டுப் புள்ளி நாலு இரிக்கி. கொழும்புல ஆறு. நா மேல போய் எப்பிடிக் கேக்குற? சந்தோசமா இரிக்கிற டீமுக்கு ஆள் தாங்கண்டா?"

"நம்பர் சும்மா மிஸ்..."

"சும்மாவா? அப்ப ஒங்கட புள்ளைகள் பொய் சொல்லுதா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். றொட்னி மாடிக் கூரையைப் பார்த்தான். "இல்லை மிஸ்" என்றான்.

"சரி அப்ப. ஒங்கட ரகசியம் என்னாண்டு ஒரு ஸ்லைட் செஞ்சி அனுப்புங்க. மத்த டீமுக்கெல்லாம் காட்டணும்."

ஆள் வரவில்லை. கொழும்புக்காரர் தூக்க முடியாமல் வைத்த இன்னொரு வேலை வந்தது, சந்தோஷமாக இருக்கிறவர்கள் தூக்குவார்கள் என்று. அடுத்த மாதம் அபிசாவுக்குப் பதவி உயர்வுக் கடிதமும் வந்தது. இனி அவள் சீனியர், இரண்டு வேலைக்குப் பொறுப்பு.

கடிதத்தை வாசித்துவிட்டு அபிசா கேட்டாள், "அண்ணா, 'தானாகவே முன்வந்து புதிய பொறுப்புக் கேட்டார்' எண்டு கிடக்கு. நான் எப்ப கேட்டனான்?"

றொட்னி மைக்கைப் பார்த்தான். அவளும் மைக்கைப் பார்த்தாள். பிறகு கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று றொட்னி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஊரில் அபிசாவின் தகப்பன் நவரத்தினம் கடிதத்தை அடம்பனுக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணி, பிள்ளையார் கோவிலில் பொங்கலும் பொங்கிவிட்டார். ஊர்ப் பாடசாலை அதிபர் அதை வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்தினார். அபிசாவால் அதற்குப் பிறகு வீட்டில் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஓகஸ்டில் அவள் தன் பாஸ்வேர்ட்டையே மாறி மாறிப் பிழையாக அடிக்கத் தொடங்கினாள். அடம்பன் தரிப்பில் நின்றுகொண்டு இரண்டு பஸ்சை விட்டுவிடுவாள். மூன்றாவதில் ஏறி வந்து, "பஸ் வரேல்ல அண்ணா" என்பாள். அவள் விட்ட முதல் பஸ்ஸில் வந்த துஷாந்தன் நிலத்தைப் பார்ப்பான். பல் வைத்தியர்களின் பக்கத்தை இப்போது அவள் திறப்பதே இல்லை. றொட்னிதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே இருந்த இளம் பெண் டொக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு மாதம் முழு ஓய்வு, லப்டொப் கண்ணிலும் படக்கூடாது என்று எழுதிக் கொடுத்தா.

ஒரு மாதம் லீவு. கேட்டது அவ்வளவுதான். கொழும்பு லீவுப் பகுதி இரண்டு நாளில் பதில் அனுப்பியது: விண்ணப்பதாரியின் மனநிலைப் பதிவு சராசரி எட்டுப் புள்ளி ஆறு, வைத்தியக் கடிதத்தோடு பொருந்தவில்லை, நிராகரிக்கப்படுகிறது.

றொட்னி போனை எடுத்துக்கொண்டு படியால் இறங்கி, இரும்புக்கடைக்குப் பின்னால், கம்பிக் கட்டுகளுக்கு நடுவில் நின்று இர்ஷானாவுக்கு எல்லாவற்றையும் சொன்னான். மார்ச்சில் இருந்து, ஒன்றையும் மறைக்காமல்.

இர்ஷானா முதலில் சிரித்தார். "சும்மா பகிடி விடாதீங்க றொட்னி."

றொட்னி துஷாந்தனின் குரலில், "மோர்னிங்மிஸ் துஷாந்தன்" என்றான். பிறகு செருமிக்கொண்டு றிஸ்மினாவின் குரலில், "மிஸ், எனக்கு ஏழு" என்றான்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"நா இதக் கேக்கல்ல" என்றார் இர்ஷானா. "வெளங்குதா? நா இத மேல எழுதினா நீங்க நாலு பேரும் ஃப்ரோட், நா அஞ்சாவது ஆள். அடுத்த கெழம கதிரையெல்லாம் லொறில ஏத்துவாங்க. எனக்கு ரெண்டாந்தரமும் மன்னார விட்டுப் போற வேல வேணாம்."

"அப்ப அபிசா மிஸ்?"

"அந்தப் புள்ளய அவட வாயால உண்மயான நம்பரச் சொல்லச் சொல்லுங்க. மூணு நாள். ஆதரவுத் திட்டம் ஒண்டும் வராது, நா பார்த்துக்குவன். மூணாம் நாள் லீவுல நானே சைன் வெக்கிறன். ஆனா அவட வாயால, றொட்னி."

றொட்னி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். அந்த வருஷத்தில் அவன் ஓடினது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை அபிசா வந்தாள். றொட்னி மைக்கை அவளுக்கு முன்னால் தள்ளிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"அபிசா?"

"அபிசா." கரகரத்த, தாழ்ந்த குரல். 'அது வந்து' இல்லை. வாலில் சிரிப்பும் இல்லை.

"நம்பர்?"

"ரெண்டு."

கொழும்பு கொஞ்சம் தயங்கிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. கூட்டம் முடிந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, போன் அடித்தது.

"றொட்னி, நா ஒங்களுக்கு என்னா சொன்ன?"

"அவவைக் கதைக்கச் சொன்னனீங்கள். கதைச்சவ."

"அது அபிசாவா? ரெண்டு வருசமா நா அந்தப் புள்ளட கொரலக் கேக்குறன். அது ஒரு ஆம்புளட கொரல்."

"மிஸ், மாதாவாண அவதான்."

"மாதாவ இதுக்குள்ள இழுக்காதீங்க. லீவு வேணுமெண்டு இப்பிடியும் செய்வீங்கண்டு நா நெனைக்கல்ல. திங்கள் கணக்குல இல்ல. நாளைக்குக் கமெராவப் போடுங்க, நா புள்ளயக் கண்ணால பாக்கணும்."

போன் சத்தமாக இருந்தது. பக்கத்தில் இருந்த அபிசாவுக்கு எல்லாம் கேட்டது. துஷாந்தன், தாங்காமல், "அண்ணா, நீங்கள் அவவை அவவைவிட நல்லாச் செய்து போட்டியள்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை றொட்னி நேரத்தோடு வந்து, லைன் விழாமல் இருக்க ரவுட்டரை யன்னலில் கட்டினான். மேசையைத் திருப்பி, வெளிச்சம் அவள் முகத்தில் விழவைத்தான். கமெராவைப் போட்டதும் திரையில் நாற்பது சின்னப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு முகம். எல்லா முகமும் மன்னாரை முதல்முறையாகப் பார்த்தன. ஆரோ கை ஆட்டினார்கள்.

"ஆ, அபிசா! இன்னைக்கித்தான் ஒங்களக் காணக் கெடச்சிரிக்கி" என்றார் இர்ஷானா. "சொல்லுங்க மகள், நம்பர் என்னா?"

அபிசா நாற்பது பெட்டிகளையும் பார்த்தாள். பிறகு அவளுடைய நாடி உள்ளே போனது.

"அது வந்து மிஸ்... எட்டு."

வாலில் அந்தச் சின்னச் சிரிப்பு.

றொட்னிக்கு மட்டும் தெரிந்தது. அது அபிசாவின் குரல் இல்லை. அவன் செய்கிற அபிசாவின் குரல். 'வந்து'வை ஒரு பங்கு கூடுதலாக இழுத்து, சிரிப்பை மூக்குக்குள் விழுங்குகிறது அவன் சேர்த்த சரக்கு, அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஒரு பிசகும் இல்லாமல் செய்தாள்.

"பாருங்க, இதுதான் எங்கட அபிசா!" என்றார் இர்ஷானா. குரலில் அவ்வளவு ஆறுதல்.

கமெரா நின்ற பிறகு றொட்னி கேட்டான், "ஏன் பிள்ளை?"

"தெரியாது அண்ணா. எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தவை. என்ர குரல் வரேல்ல. அதுதான் வந்துச்சு."

புதன்கிழமை அவள் வரவில்லை. போனும் நிறுத்தியிருந்தது. றொட்னி ஒன்பதேகாலுக்கு இர்ஷானாவிடம், அபிசா இன்றைக்கு இல்லை என்று தன் சொந்தக் குரலில் சொன்னான். அது ஒருநாள் விடுமுறையாகப் பதியப்பட்டது. வியாழக்கிழமை அடம்பன் பஸ் எடுத்து, அங்கிருந்து ஆட்டோவில் அவளுடைய வீட்டுக்குப் போனான்.

நவரத்தினம் வயலில் இருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். றொட்னியைக் கண்டதும் ஈரக்காலோடு ஓடி வந்தார்.

"வாங்கோ தம்பி, வாங்கோ! இஞ்ச பாரும், இராசேஸ்வரி, பிள்ளையின்ர சேர் வந்திருக்கிறார், சோடா உடையும்! காய்ச்சல் தம்பி, சும்மா காய்ச்சல். நாளைக்கு வந்திடுவாள். லீவு போட்டதுக்குக் குறை நினைக்காதேங்கோ."

பதவி உயர்வுக் கடிதம், சாமிப் படங்களுக்குக் கீழே, ஆணியில் தொங்கியது. அபிசா உள்ளே இருந்து லப்டொப் பையோடு வந்தாள்.

"எல்லாம் உள்ளுக்குக் கிடக்கு அண்ணா. சாஜரும் கிடக்கு."

"பிள்ளை, அவசரப்படாத. நான் திரும்பக் கேக்கிறன், மேல வேற ஆக்களிட்டக் கேக்கிறன்..."

"ஆரின்ர குரலில?"

றொட்னி பையை வாங்கித் தோளில் போட்டான்.

"உங்களோட கோவம் இல்லை" என்றாள் அபிசா. "நீங்கள் இல்லாட்டி நான் ஏப்ரலிலயே போயிருப்பன். எனக்கு இனி ஏலாது, அவ்வளவுதான். அப்பாட்டச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. நீங்கள் சொல்லிப்போட்டுப் போங்கோ." அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

றொட்னி சொன்னான். சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, பாதியில் நிறுத்தி நிறுத்தி, நித்திரையில் இருந்து நம்பர் வரை, ஆஸ்பத்திரியில் இருந்து கமெரா வரை சொன்னான். நவரத்தினம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். விளங்காத இடத்தில் மனைவியைப் பார்த்தார். முடிந்ததும் எழும்பிப் போய்க் கடிதத்தை ஆணியில் இருந்து கழற்றிக்கொண்டு வந்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. ஆனால் அதிபர் எந்த வரியில் விரல் வைத்து என்ன சொன்னார் என்பது மனப்பாடம்.

"இதில, 'எப்பவும் சந்தோசமாக் கதைக்கிறவ' எண்டு போட்டிருக்காம். அது ஆர் தம்பி?"

"அது நான், ஐயா."

விரல் கீழே இறங்கியது. "'தானா முன்வந்து கேட்டவ.' இது?"

"அதுவும் நான்தான்."

நவரத்தினம் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளை. "அப்ப, இந்தக் காயிதம் ஆருக்கு வந்தது?"

அபிசாவின் தாய் இராசேஸ்வரி மெல்ல, "அவர் சோடாவக் குடிக்கட்டும் அப்பா" என்றா. றொட்னி குடித்தான். குடித்து முடித்து, போத்தலை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பினான்.

வேலிப் படலையடியில் நவரத்தினம் பின்னால் வந்து கடிதத்தை நீட்டினார். "இதையும் கொண்டுபோங்கோ தம்பி. இஞ்ச கிடந்தா வாறவை போறவை கேப்பினம்."

லமினேற் பண்ணினது மடங்காது. லப்டொப் பைக்குள்ளும் போகவில்லை, நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அடம்பனில் பஸ் நிறையச் சனம், இருக்க இடம் இல்லை. பாலம் தாண்டி மன்னார் வரும்வரை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கடிதத்தை ஆருக்கும் முட்டாமல் உயர்த்திப் பிடித்தபடி றொட்னி நின்றுகொண்டே வந்தான்.